முதலில் நாள், கடைசியில் கணினி: ஊர் நிரலாக்க மன்றம் தொடங்கும் முறை

நிரலாக்கம் என்பது, ஒரு வேலையைக் கணினி பிழையின்றிச் செய்து முடிக்கும்படி அதைச் சிறுசிறு படிகளாகப் பகுத்து, அப்படிகளைக் கணினி ஏற்கும் ஒரு மொழியில் கட்டளைகளாக எழுதும் கலையாகும். இக்கலையைக் கட்டணம் வாங்காமலும் மதிப்பெண் போடாமலும், ஓர் ஊரின் பிள்ளைகளும் அவர்களுக்குத் துணைநிற்கும் பெரியவர்களும் வாரந்தோறும் ஓரிடத்தில் கூடிப் பழகும் அமைப்பையே இந்த அத்தியாயம் நிரலாக்க மன்றம் என்று குறிக்கிறது. பயிற்சி மையத்தில் பாடத்திட்டம் முன்னே செல்ல மாணவர் அதைப் பின்தொடர்கிறார்; மன்றத்திலோ பிள்ளை தான் செய்ய விரும்பும் பொருளைச் சொல்ல, அதற்குத் தேவையான பாடம் பின்னால் வருகிறது. இந்த வேறுபாடு மனத்தில் பதியாதவர் தொடங்கும் மன்றம் சில மாதங்களிலேயே இன்னொரு டியூஷனாக மாறிவிடும்.

மன்றம் தொடங்க முனைவோர் பெரும்பாலும் வேலையைத் தலைகீழாகவே தொடங்குகிறார்கள். பெயர் சூட்டி, தலைவர் யார், செயலாளர் யார் என்று முடிவுசெய்து, சங்கமாகப் பதிந்து, கணினி வாங்க நன்கொடையாளரைத் தேடி, ஃபிளெக்ஸ் பேனர் கட்டித் திறப்பு விழா நடத்தி முடிப்பதற்குள் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. அதுவரை எந்தப் பிள்ளையும் ஒரு வரி நிரல்கூட எழுதியிருப்பதில்லை. வாரந்தோறும் வரக்கூடிய மூன்று பேர் முதலிலும், மாறாத ஒரு நாளும் நேரமும் அடுத்தும், அந்நேரத்தில் திறந்திருக்கும் ஓர் இடம் அதன் பின்னும், கணினி அதற்கும் பின்னும், பதிவு எல்லாவற்றுக்கும் கடைசியிலும் அமைவதே சரியான வரிசை.

உலகின் பெரிய மன்ற இயக்கங்கள் வளர்ந்த விதமும் இதுவே. அயர்லாந்தின் கார்க் நகரில் பள்ளி மாணவராக இருந்த ஜேம்ஸ் வெல்டன், ஐபாட் நானோ என்ற இசைக்கருவியின் மென்பொருளுக்குள் புகுந்து மாற்றம் செய்து பெயர் பெற்றபோது, தங்களுக்கும் கற்றுத்தரும்படி இளைய மாணவர்கள் அவரைச் சூழ்ந்தனர். அவர்களுக்காகப் பள்ளியில் அவர் நடத்திய குழுவே, பில் லியாவ் என்ற தொழில்முனைவோரின் துணையுடன் 2011ஆம் ஆண்டு கோடர்டோஜோ என்ற பொதுமன்றமாக விரிந்தது. 7 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான அம்மன்றத்துக்கு அவர்கள் தங்கள் வீட்டு மடிக்கணினியையே எடுத்து வருவது வழக்கம். அடுத்த ஆண்டு பிரிட்டனில் கிளேர் சட்கிளிஃப், லிண்டா சாண்ட்விக் ஆகிய இருவர் தொடங்கிய கோட் கிளப், பள்ளி முடிந்த பின் பூட்டிக் கிடக்கும் கணினி அறைகளைத் தன்னார்வலர்களைக் கொண்டு பயன்படுத்தியது. பின்னாளில் இவ்விரண்டும் ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையோடு இணைந்தன. இரண்டுமே கட்டடம் கட்டித் தொடங்கியவை அல்ல.

தமிழ்நாட்டிலும் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. எவரும் தடையின்றி இயக்கவும், உள்ளே எப்படி எழுதப்பட்டுள்ளது என்று படிக்கவும், திருத்தவும், பிறருக்குப் பகிரவும் உரிமை தரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள் எனப்படும். அதைப் பரப்புவதற்காகச் சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் முதலிய ஊர்களில் இயங்கிவரும் லினக்ஸ் பயனர் குழுக்கள், கூட்டத்துக்கு வருவோரிடம் கட்டணம் வாங்கும் வழக்கம் இல்லாதவை. 2012 முதல் வெளிவரும் கணியம் மின்னிதழும் அதைச் சார்ந்த கட்டணமில்லாத் தமிழ் மின்னூல்களும் இச்சூழலில் பிறந்தவையே. புதிதாக மன்றம் தொடங்குவோர் அருகிலுள்ள இத்தகைய குழு ஒன்றின் கூட்டத்துக்கு இரண்டு முறையாவது சென்று உட்கார்ந்து பார்ப்பது, எந்த நூலைப் படிப்பதைக் காட்டிலும் பயன் தரும்.

ஆளும் நாளும்

மூன்று பேர் வேண்டும் என்பதற்குக் காரணம் எளியது. ஒருவர் வீட்டில் கல்யாணம், இன்னொருவருக்குக் காய்ச்சல் என்று வந்தாலும் மூன்றாமவர் அறையைத் திறந்துவிடுவார். வந்த பிள்ளைகள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போகும் நிலை இருமுறை நேர்ந்தால் மூன்றாம் வாரம் எவரும் வரமாட்டார்கள் என்பதால், மன்றத்தின் முதல் கடமை குறித்த நேரத்தில் திறந்திருப்பதுதான். கற்பித்தலின் தரமெல்லாம் அதற்குப் பிந்தியது. மூவருமே மென்பொருள் பொறியாளர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு நிரல் எழுதத் தெரிந்திருந்து, மற்ற இருவருக்கும் பிள்ளைகளோடு பொறுமையாக உட்காரத் தெரிந்திருந்தால் போதும். பி.சி.ஏ. படிக்கும் மாணவி, அரசுப் பள்ளியின் கணினி ஆசிரியர், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐ.டி. ஊழியர், ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் எனச் சிற்றூர்களிலும் இத்தகையோர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருப்பதைக் கட்டாயமாகவே கொள்ளலாம், ஏனெனில் பெண்பிள்ளையை அனுப்பும் தாய் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் ஊரின் நடைமுறைதான் ஆசான். சனிக்கிழமைகளில் சில பள்ளிகள் வேலைநாளாக இருக்கும். ஞாயிறு காலையை டியூஷன் எடுத்துக்கொள்ளும். மாலை ஆறு மணிக்குமேல் முடியும் அமர்வில் பெண்பிள்ளைகளின் வருகை குறைவதைத் தடுக்க முடியாது. பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருவோர் பேருந்து நேரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் பெரும்பாலான ஊர்களுக்கு ஞாயிறு பிற்பகல் மூன்று முதல் ஐந்து மணி வரை பொருந்திவரும். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களிலும், மார்ச் மாதப் பொதுத்தேர்வுக் காலத்திலும் வருகை சரியும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அவ்வாரங்களில் இரண்டு பிள்ளைகள் வந்தாலும் மன்றத்தைத் திறப்பதே நல்லது. விடுமுறை அறிவித்தால், தேர்வு முடிந்ததும் யாரும் தாமாக நினைவுவைத்து வருவதில்லை. வாரம் ஒரு முறை என்பது மூன்று பேருக்கும் இயலாதெனில் மாதம் இரு முறை என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடலாம். வாரந்தோறும் என்று சொல்லிவிட்டு இடையிடையே விடுவதுதான் ஆகாது.

இடம்

இடத்தைப் பற்றிப் பேசும்போது மின்விசிறியையும் நாற்காலியையும் எண்ணிப்பார்ப்பதற்கு முன், அந்த இடத்துக்குள் ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் நுழைய முடியுமா என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். சாதிச் சங்கத்தின் கல்யாண மண்டபமோ, ஒரு கட்சியின் படிப்பகமோ, ஒரு வழிபாட்டுத் தலத்தின் கூடமோ வாடகையின்றிக் கிடைக்கலாம். ஆனால் அங்கே வராதவர் யார் யார் என்பது எவரும் வாய்திறந்து சொல்லாமலேயே முடிவாகியிருக்கும். பொதுமன்றம் பொது இடத்தில்தான் நடக்க முடியும்.

அவ்வகையில் முதலில் அணுகத்தக்கது கிளை நூலகம். தமிழ்நாட்டின் பொது நூலக அமைப்பு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குவது. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறையாக இருப்பதால் ஞாயிற்றுக்கிழமை அவை திறந்திருக்கும். நூலகரைத் தனியே சந்தித்துக் கேட்பதைக் காட்டிலும், அந்நூலகத்தின் வாசகர் வட்டத்தை, அதாவது வாசகர்களே சேர்ந்து கூட்டங்களும் புத்தக அறிமுகங்களும் நடத்தும் குழுவை, முதலில் அணுகி, வட்டத்தின் நிகழ்ச்சியாகவே மன்றத்தை முன்மொழிவது எளிது. அப்படிச் செய்தால் நூலகர் புதிய பொறுப்பு ஒன்றைத் தனியாகத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்காது. தேவைப்பட்டால் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதும் கடிதத்திலும் அவருடைய பரிந்துரை இடம்பெறும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாமல், கிழமை, நேரம், வருவோர் தோராய எண்ணிக்கை, பொறுப்பாளர் மூவரின் பெயர், கட்டணம் இல்லை என்ற உறுதி ஆகியவற்றை மட்டும் சொன்னால் போதும். அறையைப் பெருக்கி, நாற்காலிகளைப் பழையபடி போட்டுவிட்டுச் செல்வதாக எழுதும் ஒரு வரி, நோக்கத்தை விளக்கி எழுதும் மூன்று பத்திகளைவிட விரைவாக அனுமதி வாங்கித்தரும்.

நூலகம் அமையாத ஊரில் அரசுப் பள்ளி அடுத்த வாய்ப்பு. அங்கே தலைமையாசிரியரோடு பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதலும் இருப்பது நல்லது, ஏனெனில் தலைமையாசிரியர் மாறுதலாகிச் செல்லக்கூடும். குழுவின் பெற்றோர் உறுப்பினர்கள் அதே ஊரில் இருப்பவர்கள். பள்ளியின் கணினி ஆய்வகத்தைக் கேட்பதை முதல் ஆண்டில் தவிர்த்து, வகுப்பறை ஒன்றை மட்டும் கேட்பது அனுமதியை எளிதாக்கும்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு சொல். மடிக்கணினியின் சார்ஜர் ஏறத்தாழ 65 வாட் இழுக்கும் என்று கொண்டால், பத்து மடிக்கணினிகளுக்கு 650 வாட் ஆகிறது. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் சாக்கெட் ஒன்றின் கொள்ளளவு 1380 வாட் என்பதால் கணக்குப்படி ஒரே சாக்கெட் போதும். ஆனால் கெடுதல் வருவது சாக்கெட்டால் அன்று, மெல்லிய கம்பியுடன் விற்கப்படும் மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸால்தான். ஆகவே மன்றம் காசு கொடுத்து வாங்கும் முதல் பொருளாகத் தரமான இரண்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் இருக்கட்டும்.

கணினி

கணினி இல்லை என்ற கவலை பெரும்பாலும் தேவையற்றது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளுள் கணிசமானவை, பேட்டரி செத்தும் வேகம் குறைந்தும் பீரோவுக்கு மேலே கிடக்கின்றன. அவற்றின் வன்தட்டை எடுத்துவிட்டு நகரும் பாகங்களற்ற எஸ்.எஸ்.டி. நினைவகம் ஒன்றைப் பொருத்தி, ராம் நினைவகத்தை 4 ஜிபி ஆக்கி, எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை நிறுவினால், நிரல் பழகுவதற்கு அவை தாராளமாகப் போதும். இயங்குதளம் என்பது கணினியின் உறுப்புகளையும் அதில் ஓடும் மென்பொருள்களையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருள். லுபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஆகியவை பழைய கணினிகளுக்கு ஏற்றவை. லினக்ஸ் நிறுவும் வேலையையே பெரிய பிள்ளைகளுக்கான ஓர் அமர்வாக ஆக்கிக்கொள்ளலாம். கணினியைத் திறந்து பார்த்த பிள்ளைக்கு அதன்மேல் இருந்த அச்சம் அன்றோடு போய்விடும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கணினி என்பது குறையாகாது. அதுவே நல்லது என்பதைப் பின்னால் காணலாம்.

இணையத்தை நம்பி எந்த அமர்வையும் திட்டமிடக்கூடாது. செல்போனின் ஹாட்ஸ்பாட்டைப் பத்துக் கணினிகள் பங்குபோட்டால், ஒரு கோப்பு இறங்குவதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிடும். தேவையான மென்பொருள் அனைத்தையும் முன்கூட்டியே இறக்கி, இரண்டு பென்டிரைவ்களில் போட்டு வைத்துக்கொள்வதே முறை. இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வண்ணக் கட்டைகளைப் பொருத்தி நிரல் எழுத உதவும் ஸ்கிராட்ச், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007இல் வெளியிட்டது. இதன் இன்றைய பதிப்புக்கு, இணையமின்றி ஓடும் அதிகாரபூர்வச் செயலி விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, குரோம்புக் ஆகியவற்றுக்கு உண்டு, லினக்ஸுக்கு இல்லை. லினக்ஸ் கணினிகளில் ஸ்கிராட்சைத் தழுவி எழுதப்பட்ட டர்போவார்ப் என்ற மென்பொருளை நிறுவிக்கொண்டால் அதே கட்டைகளும் அதே கோப்புகளும் இயங்கும். பைத்தான் மொழிக்கு, எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவருக்கென்றே உருவான தானி என்ற எழுதுகருவி மிகப் பொருத்தமானது. நிரலை அடி அடியாக ஓட்டி, ஒவ்வோர் அடியிலும் எந்த மதிப்பு எப்படி மாறுகிறது என்பதைத் திரையிலேயே அது காட்டும். செல்போனிலும் பைத்தான் ஓட்டலாம். கட்டைவிரலால் நிரல் எழுதுவது எரிச்சலூட்டும் வேலை என்பதால், வேறு வழியில்லாத பிள்ளைக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்கலாம்.

அமர்வில் நடப்பவை

இரண்டு மணி நேர அமர்வில் பெரியவர் பேசும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டலாகாது. எஞ்சிய நேரம் முழுவதும் பிள்ளைகள் இருவர் இருவராக அமர்ந்து செய்யும் வேலைக்கே. ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் படித்துப் பார்த்து வழிசொல்வதும், கால்மணி நேரத்துக்கு ஒருமுறை இருவரும் இடம் மாறிக்கொள்வதும் இணை நிரலாக்கம் எனப்படும். தொழில்முறை நிரலாளர்களும் கையாளும் இம்முறையில், தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லும்போது சொல்பவருக்கே பாடம் தெளிகிறது. கடைசி இருபது நிமிடம் காட்டும் நேரமாக ஒதுக்கப்படும். அன்று செய்ததை, அரைகுறையாக இருந்தாலும், எல்லோர் முன்னும் ஓட்டிக் காட்டலாம். வேலை செய்யாத நிரலைக் காட்டிய பிள்ளைக்கும் கைதட்டல் கிடைக்கிற மன்றத்தில்தான் கூச்ச சுபாவமுள்ளவர்கள் நிலைப்பார்கள்.

வழிகாட்டிகளுக்கு ஒரே ஒரு தடை விதிக்கப்பட வேண்டும்: பிள்ளையின் விசைப்பலகையில் கை வைக்கக்கூடாது. பிழை எங்கே என்று தெரிந்த பெரியவர் சட்டெனக் குனிந்து திருத்திவிடுவது அன்பால் நடப்பதுதான் என்றாலும், அந்தக் கணத்தில் நிரல் பிள்ளையுடையதாக இல்லாமல் போகிறது. “இந்த வரி என்ன செய்யும் என்று நினைத்தாய், என்ன செய்தது?” என்று கேட்பதோடு நின்றுவிடுவதே பிழைதிருத்தம் கற்பிக்கும் வழி. கோடர்டோஜோவில், முதலில் மூன்று பேரைக் கேட்டுவிட்டு அதன்பின் வழிகாட்டியைக் கேட்க வேண்டும் என்ற வழக்கம் உண்டு. பெரியவர் குறைவாக உள்ள ஊர்களுக்கு அது மிகவும் ஏற்றது.

பத்து வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு ஸ்கிராட்சே போதும். அதன் மேடை 480 புள்ளி அகலமும் 360 புள்ளி உயரமும் கொண்டு, நடுவில் பூச்சியத்தை வைத்து, இடப்புறமும் கீழ்ப்புறமும் குறை எண்களால் அளக்கப்படுவது. பூனையை இடப்புறம் நகர்த்த குறைக்குறி போட வேண்டும் என்று தானாகக் கண்டுபிடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை, ஆயத்தொலைவு வடிவியல் பாடப்புத்தகத்தில் வரும்போது திகைப்பதில்லை. பதின்மூன்று வயதை நெருங்குவோர் பைத்தானுக்கு நகரலாம். 1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட இம்மொழி, தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலுக்கும் உரியது என்பதால் பெற்றோரின் ஒப்புதல் எளிதில் கிடைக்கும். ஆங்கிலம் தெரியாமல் நிரல் எழுத முடியுமா என்ற கேள்வி எல்லா ஊர்களிலும் எழுகிறது. பைத்தானில் மொழிக்கே உரிய ஒதுக்கப்பட்ட சொற்கள் 35தான். முதல் சில மாதங்களுக்கு அவற்றில் பத்தே போதும். மாறிகளின், அதாவது மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயர்களின் இடத்தில், வயது, மதிப்பெண் என்று தமிழிலேயே எழுதினாலும் பைத்தான் ஏற்றுக்கொள்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற நிரல்மொழியில் கட்டளைச் சொற்களே தமிழில் இருப்பதால், கட்டளை எந்த மொழியில் இருந்தாலும் தர்க்கம் ஒன்றே என்பதைக் காட்ட ஓர் அமர்வை அதற்கு ஒதுக்கலாம்.

என்ன செய்யச் சொல்வது என்பதில்தான் மன்றங்கள் பெரிதும் சறுக்குகின்றன. வெளிநாட்டுப் பாடநூல்களில் வரும் பீட்சாக் கடைக் கணக்கையும் பேஸ்பால் புள்ளிப் பட்டியலையும் அப்படியே கொண்டுவருவதற்கு எந்தத் தேவையும் இல்லை, ஏனெனில் ஊரிலேயே நல்ல கணக்குகள் கொட்டிக் கிடக்கின்றன. திருக்குறளின் 1330 குறள்களும் அதிகாரத்துக்குப் பத்தாக 133 அதிகாரங்களில் சீராக அமைந்தவை. குறள் எண்ணைக் கொடுத்தால் அதிகார எண்ணைச் சொல்லும் நிரலைப் பிள்ளைகள் முதலில் எழுதும்போது, எண்ணைப் பத்தால் வகுத்து, மீதியை விட்டு, ஒன்றைக் கூட்டுவார்கள். 391ஆம் குறளுக்கு 40 என்ற சரியான விடை வரும். 400ஆம் குறளுக்கோ 41 என்று வந்து நிற்கும். வகுப்பதற்கு முன் ஒன்றைக் கழிக்க வேண்டும் என்பதை அவர்களாகக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆகலாம். எல்லை மதிப்புகளைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் அந்த அரைமணியில் படிகிறது. அதே நிரலில், 38ஆம் அதிகாரம் வரை அறத்துப்பால், 108 வரை பொருட்பால், எஞ்சியது காமத்துப்பால் என்று பிரித்துக் காட்டச் சொன்னால் நிபந்தனைக் கட்டளைகளும் பழகிவிடும்.

கோலம் இன்னொரு சுரங்கம். 1967இல் சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோயர்சைக் ஆகியோர் பிள்ளைகளுக்கென உருவாக்கிய லோகோ மொழியிலிருந்து வந்த ஆமை வரைகலை, திரையில் ஓர் ஆமையை இத்தனை அடி நட, இத்தனை பாகை திரும்பு என்று ஏவிப் படம் வரையச் செய்வது; பைத்தானிலும் அது உள்ளமைந்தே வருகிறது. புள்ளி வைப்பது ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாகவும், கம்பியைச் சுற்றிக்கொண்டு வருவது திரும்பத் திரும்ப அழைக்கப்படும் செயற்கூறாகவும் மாறும்போது, வாசலில் கோலம் போடத் தெரிந்த பிள்ளை மற்ற எல்லோரையும் முந்திவிடுகிறாள். இது பிள்ளை விளையாட்டு என்று நினைப்போர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமனியும் ராணி சிரோமனியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974இல் கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளால் விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள் என்பதை அறிந்தால் போதும்.

சற்றுத் தேறியவர்களுக்கு மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை என்று கற்பனைப் பெயர்களால் ஒரு பட்டியல் அமைத்து, ஊர்வாரியாகக் கூட்டவும், பெயரை அகரவரிசைப்படுத்தவும் சொல்ல வேண்டும். கூட்டுவது சுலபமாக முடியும். அகரவரிசையில்தான் சிக்கல் எழும். தமிழ் நெடுங்கணக்கில் பகரம் முன்னும் னகரம் கடைசியிலும் வருவதால் கபிலனுக்குப் பின்னரே கனிமொழி வர வேண்டும்; பைத்தானோ கனிமொழியை முன்னே நிறுத்தும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு அட்டவணையில் னகரம் பகரத்துக்கு முந்திய எண்ணைப் பெற்றிருப்பதே இதற்குக் காரணம். ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் மூன்று என்று சொல்லாமல் ஐந்து என்று சொல்வதும் இவ்வகையே: தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளாகவே அது கணினிக்குள் இருக்கிறது. அச்சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பச் சொன்னால் புள்ளி அனாதையாக முதலில் வந்து நிற்கும். இவற்றைச் சரிசெய்ய ஓபன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுப்பு இருக்கிறது. ஆனால் அதைக் காட்டுவதற்கு முன் பிள்ளைகள் தாமாகவே ஓரிரு வாரம் மல்லாடட்டும். ஆங்கிலத்தில் மட்டும் நிரல் பழகுவோர்க்கு இந்த அனுபவம் வாய்ப்பதில்லை, தமிழுக்கு இன்னும் எழுதப்பட வேண்டிய மென்பொருள் எவ்வளவு என்பதும் இதில்தான் தெரியவரும்.

கேட்டவுடன் நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை முதல் ஆறு மாதம் மன்றத்துக்குள் விடாமல் இருப்பதே நல்லது. அதன்பின், பிழைச் செய்தி ஒன்றின் பொருளைக் கேட்க மட்டும் அனுமதிக்கலாம்.

பாதுகாப்பும் பொறுப்பும்

பதினெட்டு வயது நிரம்பாதோர் கூடும் இடம் என்பதால் சில விதிகளில் விட்டுக்கொடுத்தலுக்கு இடமில்லை. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியே இருக்கக்கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்களாவது இருக்க வேண்டும். அவ்வாறு இயலாத நாளில் வாசலிலோ நூலகத்தின் பொது வாசிப்பறையிலோ உட்கார்ந்து நடத்திவிடலாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் புகாரளிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது என்பதை ஒவ்வொரு வழிகாட்டியும் அறிந்திருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பெற்றோரின் கையொப்பம் பெற்ற ஒரு பக்க ஒப்புதல் படிவம் போதுமானது. பிள்ளைகளின் படத்தை வாட்ஸ்அப் நிலைத்தகவலாகப் போட்டு நன்கொடை கேட்பது எந்தக் காரணத்தாலும் ஏற்கத்தக்கதன்று. பிள்ளைகளின் தனிப்பட்ட தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கோருவதால், இணையக் கணக்கு எதுவும் தொடங்காமல் எல்லா வேலையையும் கணினியிலேயே சேமித்துக்கொள்வது தலைவலியைக் குறைக்கும்.

பணமும் பதிவும்

காசு கொடுத்தால்தான் மதிப்பு இருக்கும், பெயருக்காவது பத்து ரூபாய் வாங்குங்கள் என்ற அறிவுரை நிச்சயம் வரும். அதை ஏற்க வேண்டியதில்லை. அந்தப் பத்து ரூபாயால் நின்றுபோகும் பிள்ளை, மன்றம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அந்தப் பிள்ளையாகத்தான் இருக்கும். அக்கறையைச் சோதிக்க வேண்டுமெனில் மாதம் ஒருமுறை ஏதேனும் ஒன்றைச் செய்து காட்டச் சொல்வது போதும். சான்றிதழும் அவ்வாறே தவிர்க்கத்தக்கது. சான்றிதழ் என்று வந்துவிட்டால் தேர்வும், தேர்வுக்காகப் பாடத்திட்டமும், பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரமும் பின்தொடர்ந்து வரும்.

செலவு என்று பார்த்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பென்டிரைவ், எப்போதாவது ஒரு பேட்டரி, நாலு மணிக்கு ஒரு டம்ளர் டீயும் சுண்டலும். உதவ முன்வருவோரிடம் பணமாகப் பெறாமல் பொருளாகவே பெற்று, யார் எதைக் கொடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதி, எவரும் பார்க்கும்படி வைத்துவிட்டால் கணக்கு வழக்குச் சண்டை எழாது. நன்கொடையாளரின் பெயர் பொறித்த பனியனைப் பிள்ளைகளுக்கு அணிவிப்பதும், தேர்தல் நெருங்கும் காலத்தில் பிரமுகர்களைப் பரிசளிக்க அழைப்பதும் வேண்டாத வம்பு.

வங்கிக் கணக்கு தேவைப்படும் அளவுக்கு மன்றம் வளர்ந்த பிறகே பதிவைப் பற்றி யோசிக்கலாம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு உறுப்பினர்கள் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம்; ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்யும் கடமை அதனோடு வரும். நூலக வாசகர் வட்டத்தின் ஒரு பிரிவாகவே இயங்கும் மன்றத்துக்கு இத்தொல்லை எதுவும் இல்லை.

வழிகாட்டிகள் மாறுவதும் பிரிவதும்

கல்லூரி மாணவர்களான வழிகாட்டிகள் படிப்பு முடிந்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்றுவிடுவார்கள் என்பது முதல் நாளே தெரிந்த உண்மை. ஆகவே, இரண்டாம் ஆண்டிலிருந்து பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுள் விருப்பமுள்ளோரை இளைய வழிகாட்டிகளாக்கி, புதிதாக வருவோருக்கு ஸ்கிராட்ச் கற்றுத்தரும் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிடுவது அவசியம். அறைச் சாவி, பென்டிரைவ், வருகைப் பதிவேடு, அமர்வுக் குறிப்புகள் ஆகியவை ஒரே ஆளிடம் இருக்கும் மன்றம் அந்த ஆளோடே போய்விடும் என்பதால், அவை இருவரிடமாவது இருக்க வேண்டும்.

எல்லா ஏற்பாடுகளுக்கும் பின்னும் சில மன்றங்கள் நின்றுபோவது உண்டு. வழிகாட்டிகள் இருவராகக் குறைந்தால் மாதம் இரு முறை என்றும், ஒருவராகக் குறைந்தால் கோடை விடுமுறையில் மட்டும் என்றும் சுருக்கிக்கொண்டு நடத்திப் பார்க்கலாம். அதுவும் இயலாதபோது, இன்ன தேதியோடு மன்றம் முடிகிறது என்று ஒரு மாதம் முன்பே பெற்றோருக்குத் தெரிவித்து, இரவல் வந்த கணினிகளை உரியவரிடம் திருப்பிக் கொடுத்து, நன்கொடையாக வந்தவற்றையும் பென்டிரைவ்களையும் நோட்டையும் நூலகத்துக்கு எழுத்துமூலம் ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்துத் தொடங்க வருபவருக்கு அவை பயன்படும்.